உத்திரமேரூர்க் குடவோலை: வாக்கா, முறையா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள முதற் பராந்தகனின் இரு கல்வெட்டுகளுக்கும் அறிமுகம் தேவையில்லை. 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றைப் பதிப்பித்து மொழிபெயர்த்தார். அன்று தொடங்கிய பேச்சு, 2020 டிசம்பர் 10இல் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் ஆற்றிய உரை வரை வந்திருக்கிறது. ஆயினும் ஒரு கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை. பலர் தத்தம் விருப்பத்தை வரிசைப்படுத்தித் தர, அதிலிருந்து ஒருவரைத் தேர்வது தேர்தல் கணிதத்தின் அடிப்படைச் சிக்கல். குடத்தில் இட்ட பெயரோலைகளிலிருந்து ஊர்க் குழுக்களுக்கு (வாரியங்களுக்கு) ஆள் எடுக்கும் குடவோலை முறையில் ஊராரின் விருப்பம் எந்தக் கட்டத்தில் நுழைகிறது?

நுழைகிறது என்பதே வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் வாசிப்பு. 1932இல் வெளிவந்த சோழர் ஆட்சிமுறை ஆய்வுகளிலும் பின்னர் ‘சோழர்கள்’ நூலிலும் அவர் உத்திரமேரூருக்கு நிறைய இடம் தந்தார். அவர் காட்டும் படத்தில் செயல் இரண்டு படிகளாக நடக்கிறது. ஊரின் முப்பது குடும்புகளும் (வட்டாரங்களும்) தகுதியுடையோரைத் தேர்வுக்கு முன்மொழிகின்றன. முன்மொழியப்பட்டோரிலிருந்து குடும்புக்கு ஒருவர் சீட்டால் எடுக்கப்படுகிறார். பின்வந்த பாடநூல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ‘முன்மொழிதலை’ அப்படியே எடுத்துக்கொண்டன. முன்மொழிதல் என்றால் சிலரைச் சேர்ப்பதும் சிலரை விடுவதும் அடங்கும். விடப்பட்டவர் தகுதி இருந்தும் விடப்பட்டார் என்றால், அங்கே ஒரு தேர்தல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. குடத்துக்கு மிச்சம் இருப்பது சடங்குதான். சாஸ்திரி இவ்வளவு தூரம் சொல்லவில்லை. ஆனால் அவர் திறந்துவைத்த வாசல் வழியாகத்தான் ‘உலகின் முதல் ரகசிய வாக்கெடுப்பு’ என்ற பேச்சு உள்ளே வந்தது.

14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை நிதானமாகப் படித்தால் இந்த முன்மொழிதலுக்கு இடம் கிடைப்பது அரிது. அந்தந்தக் குடும்பினரே கூட வேண்டும். கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, மந்திர பிராமணத்தில் பயிற்சி ஆகியவை உடையவரின் பெயர் எழுதப்பட வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவர் என்றால் அரைக்கால் வேலி நிலமே போதும். மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், மாபாதகம் செய்தவர் எல்லாரும் நீக்கப்பட வேண்டும். உறவினர் பட்டியல் தாயின் சகோதரிகளின் மக்கள், அத்தை மகன், மாமன், மருமகன் என்று நீண்டுகொண்டே போகிறது. சேர்ப்பதும் நீக்குவதும் விதியாலேயே முடிந்துவிட்டன. எஞ்சியவர்களில் யாரை விடுவது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். குடும்புக்கு ஆண்டுக்கு ஒருவர். பணி செய்தவர் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். சுழற்சி தடைபடாமல் ஓட ஒவ்வொரு குடும்பிலும் குறைந்தது நான்கு தகுதியாளர்கள் தேவை. பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனிச் சீட்டு எடுத்ததைச் சேர்த்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். உறவுத் தடையையும் கணக்கில் கொண்டால் குடத்தில் பெயர் குறைவதுதான் சபையின் கவலையாக இருந்திருக்கும். அரைக்கால் நிலச் சலுகை அதைத்தான் காட்டுகிறது. ஆள் பற்றாத இடத்தில் விரும்பியவரைப் பொறுக்கி முன்மொழியும் ஆடம்பரம் எப்படி நடக்கும்?

அப்படியானால் குடும்பினர் ஏன் கூட வேண்டும்? சாஸ்திரி தரப்பின் வலுவான வினா இது. நிலம் யாருடையது, வீடு யார் மனையில் நிற்கிறது, யாருக்கு யார் மாமன் என்பது அக்கம்பக்கத்தாருக்கே தெரியும். வரைவு வாக்காளர் பட்டியலை வெளியிட்டு ஆட்சேபம் கேட்பது போன்ற வேலை அது, சரிபார்ப்புக்கான கூட்டம். ஆனாலும் சாஸ்திரிக்கு ஆதரவான ஓரிடத்தை மறைக்க முடியாது. காரியத்தில் நிபுணர், ஆசாரம் உடையவர் என்ற தகுதிகளும் கல்வெட்டில் உள்ளன. நிலத்தை அளக்கலாம், நிபுணத்துவத்தை எதைக்கொண்டு அளப்பது? ஒருவரைப் பிடிக்காத குடும்பினர் இந்த இடுக்கில் அவரைத் தள்ளியிருக்கலாம். அது தேர்வாளரின் விருப்பம்தான். விதி அதை அனுமதித்தது என்பதை ஏற்கலாம். விதியின் நோக்கமே அது என்பதை ஏற்க முடியாது.

எந்த மோசடிக்கு அஞ்சினார்கள் என்று பார்ப்பது இதைவிட உறுதியான சான்று. பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்புவாரியாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இடுகிறார்கள். ஊரிலுள்ள நம்பிமார் (கோயில் பூசகர்) அனைவரும் உள்மண்டபத்தில் இருக்க, அவர்களில் மூத்தவர் ஒருவர் எல்லாரும் பார்க்கக் குடத்தை ஏந்தி நிற்கிறார். ஏதும் அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அது வேறு குடத்தில் இட்டுக் குலைக்கப்பட்டு, மறுபடி ஓர் ஓலை எடுக்கப்படுகிறது. மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்கிறான். பின்பு நம்பிமார் எல்லாரும் வாசிக்கிறார்கள். இத்தனையும் எடுப்பவனின் கையைக் கட்டும் ஏற்பாடுகள். வாக்களிப்பவனை மிரட்டலிலிருந்து காக்க ஒன்றும் இல்லை, எண்ணிக்கை சமமானால் என்ன செய்வது என்றும் இல்லை, எத்தனை பேர் ஆதரவு வேண்டும் என்றும் இல்லை. ரகசியம் என்பதற்கோ நேர் எதிர்: எல்லாமே வெளிச்சத்தில் நடக்கிறது.

வெனிஸ் நகரின் 1268ஆம் ஆண்டுத் தலைவர் தேர்வு முறையைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கும் சீட்டில் முதலில் எடுக்கப்படுவோர் முப்பது பேரே. அவர்கள் சீட்டால் ஒன்பதாகக் குறைந்து, அந்த ஒன்பதின்மர் நாற்பது பேரைத் தேர்ந்து, இப்படிச் சீட்டும் வாக்கும் மாறிமாறி வந்து, கடைசியில் 41 பேர் தலைவரைத் தேர்கிறார்கள். அதற்கு 25 வாக்காவது வேண்டும். வாக்கு நடந்த இடத்தில் எண் இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்லில் வேலி, வயது, நாள், ஆள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வாக்குக்கு மட்டும் இல்லை. இன்மையைச் சான்றாக்குவது ஆபத்துதான். ஆனால் பதவிக்காலம் 360 நாள் என்று எண்ணி எழுதியவர்கள் வாக்கெண்ணிக்கையை மட்டும் மறந்திருப்பார்கள் என்று நம்புவது அதைவிடக் கடினம்.

இம்முறையின் முன்வரலாறு மங்கலானது. அகநானூற்று 77ஆம் பாடலில் கயிறு கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுப்போர் உவமையாக வருகிறார்கள். அதைக் குடவோலைத் தேர்தலின் ஆதிச் சான்றாகக் காட்டுவது வழக்கம். முத்திரைப் பொறியைச் சரிபார்த்து எடுக்கும் அந்தக் காட்சி ஆவணக் காப்புக்கும் பொருந்தும் என்பதால் அதன்மேல் எதையும் கட்டத் துணியேன். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூர்க் கல்வெட்டு அதைவிடப் பயனுள்ளது. மாறஞ்சடையன் என்ற பெயரில் பாண்டியர் பலர் இருப்பதால் அதன் காலம் உறுதியாகவில்லை. 800ஐ ஒட்டியது என்பது பொதுக் கருத்து. அங்கே சபையில் அமரத் தகுதி சொல்லப்படுகிறது, சீட்டு இல்லை. எதற்கெடுத்தாலும் மறுத்துக் குறுக்கே நிற்பவருக்கு ஐந்து காசு தண்டம் உண்டு. ஒத்த கருத்துக்கு வந்து சேர்வதே அச்சபைகளின் இயல்பு, கருத்துகளை எண்ணுவது அன்று என்பதற்கு இந்தத் தண்டத்தைவிட நல்ல சான்று வேண்டாம்.

உத்திரமேரூரின் இரு கல்வெட்டுகளுக்கும் இடையே இரண்டே ஆண்டு. பராந்தகன் ஆட்சி 907இல் தொடங்கியதாகக் கொண்டால் 919, 921 என்று வரும், ஓராண்டு முன்பின்னாகலாம். முதல் முறை அரசாணையுடன் வந்து அமர்ந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான், அடுத்த முறை சோமாசிப் பெருமான் என்ற பட்டர். முன்னதில் வயது 30க்கு மேல் 60க்குள். பின்னதில் 35க்கு மேல் 70க்குள். வரம்பு ஐந்தாண்டு அகன்றது போலத் தோன்றும். ஆனால் அக்கால ஊர்களில் முப்பதுகளின் முற்பாதியில் இருப்போர் அறுபதைத் தாண்டியவரைவிட அதிகமாக இருந்திருக்கலாம். ஆகவே குடத்தில் விழும் பெயர்கள் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பொறுப்பு மூத்தோர் கைக்கு நகர்த்தப்பட்டது. கணக்குக் காட்டாமல் போனவர் மீதான கடுமையையும் சேர்த்துப் பார்த்தால், இளையோர் வாரியம் ஒன்று பணத்தில் கோட்டைவிட்டதோ என்று ஊகிக்கலாம். ஊகம்தான்.

தேர்தல் கணிதம் உண்மையில் குறுக்கிடும் இடம் குடத்துக்குப் பிறகு வருகிறது. சீட்டில் வந்த முப்பது பேரில் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர், கல்வியில் மூத்தவர், வயதில் மூத்தவர் ஆகியோரில் பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு. மீதியில் பன்னிருவர் தோட்டத்துக்கு, அறுவர் ஏரிக்கு. அளவுகோல் மூன்று, அவற்றுள் எது முந்தியது என்பதற்கு விதி இல்லை. அனுபவத்தில் முதல்வர் கல்வியில் மூன்றாமவராகவும் வயதில் இரண்டாமவராகவும் இருந்தால்? மற்ற இருவரும் அதேபோல் சுழற்சியாக அமைந்தால், அனுபவமும் வயதும் முதலாமவரை இரண்டாமவருக்கு மேல் வைக்கும், அனுபவமும் கல்வியும் இரண்டாமவரை மூன்றாமவருக்கு மேல் வைக்கும், கல்வியும் வயதும் மூன்றாமவரை முதலாமவருக்கு மேல் வைக்கும். 1785இல் கொந்தோர்சே எடுத்துக்காட்டிய முரண் இதுவே. கென்னத் ஆரோ 1951இல் நிறுவிய இயலாமைத் தேற்றம் இதன் விரிவு. உத்திரமேரூர் இதற்குத் தீர்வு கண்டதாகச் சொல்ல மாட்டேன். பன்னிருவரை ஒரு தொகுதியாக எடுத்ததால் முதலிடம் யாருக்கு என்ற சண்டை பெரும்பாலும் எழுந்தே இராது.

கடைசி இரு வாரியங்களையும் ‘கரை காட்டி’க் கொள்ள வேண்டும் என்கிறது கல்வெட்டு. வாய்மொழியாகக் கருத்துக் கேட்பது இது என்று கொள்வோர் உண்டு. அப்படியானால் வாக்கு இங்கே ஒளிந்திருக்கிறது. ஆனால் பொன் வாரியப் பகுதியிலும் இதே கரை வருகிறது: அடுத்த ஆண்டு, ஏற்கெனவே இடம்பெற்ற குடும்புகளை நீக்கி, எஞ்சியவற்றிலிருந்து கரையால் கொள்ள வேண்டும். அங்கே பேச்சு முழுக்கச் சுழற்சி பற்றியது. ஊர் நிலத்தைப் பங்கிட்டு மாற்றிக்கொள்ளும் கரையீடும் அதே வழிக்குத்தான் கைகாட்டுகிறது. ஆகவே கரை என்பது பங்கு அல்லது முறை என்றே கொள்கிறேன், அறுதியாக அன்று.

இவ்வளவும் நிலமுடைய, வேதம் கற்ற பிராமண ஆண்களுக்குள் நடந்தது. அந்த ஊரில் உழுதவரின் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ குடத்தில் விழவில்லை. நியாயமான சீட்டு, கணக்கு, கட்டாய ஓய்வு ஆகியவற்றால் அதிகாரம் ஒரே கையில் தேங்காமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடு என்று அதைச் சொன்னால் போதும். அதுவே சிறிய சாதனை இல்லை. பாடநூலும் சுற்றுலாப் பலகையும் எழுதுவோர் ‘வாக்கு’, ‘ரகசியம்’ என்ற இரண்டையும் உத்திரமேரூரிலிருந்து எடுத்துவிட வேண்டும்.