பெங்களூருக்கு வந்த கையெழுத்துப் பிரதி

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஈரோட்டில் அவர் பிறந்ததைக் கூறிக் கும்பகோணத்தில் அவர் பயின்றதை விரித்துரைத்து, சென்னை வழியாகக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறி விடுகின்றனர். இவ்வரலாற்றில் பெங்களூருக்கும் ஓரிடம் உண்டு என்பதை இந்நகரில் வாழும் தமிழரிலேயே பலர் அறியார். மணிக்கூண்டுடன் நிற்கும் செண்ட்ரல் கல்லூரியை நாம் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். மூதறிஞர் இராஜாஜி பட்டம் பெற்ற கல்லூரி அது என்பதை நம் இல்லங்களில் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த எம். டி. நாராயண ஐயங்கார் என்னும் பெரியாரின் பெயர்தான் மறந்து போயிற்று.

இராமானுஜன் 1904-ஆம் ஆண்டில் உதவித் தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தவர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப். ஏ. தேர்வில் தேறவில்லை. 1909-இல் திருமணம் நடந்தது. கையிற் பட்டமில்லை, வீட்டில் வறுமை. இருந்தவையெல்லாம் சூத்திரங்கள் நிறைந்த இரண்டொரு நோட்டுப் புத்தகங்களே. இந்நிலையிலுள்ள இளைஞன் ஒருவன் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றால் நாம் அவனுக்கு என்ன சொல்லுவோம்? பெரும்பாலும், ‘ஏதாவதொரு குமாஸ்தா வேலை பார்த்துக்கொள், அப்பா’ என்றுதான் சொல்லுவோம். அது தவறான புத்திமதியும் அன்று.

இராமானுஜனும் அத்தகைய வேலையை நாடித்தான் 1910-ஆம் ஆண்டில் திருக்கோயிலூருக்குச் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. இராமசுவாமி ஐயர். இவர் மாணவப் பருவத்திலேயே இலண்டன் இதழொன்றுக்குக் கணிதக் கட்டுரைகள் எழுதியனுப்ப, அவ்விதழார் இவரைப் பேராசிரியர் என்றே எண்ணி விட்டனராம். அப்பெயரே நண்பர்களிடையே இவருக்கு நிலைத்தது. விலையுயர்ந்த கணித இதழ்களைத் தனியொருவர் வாங்கிப் படிப்பது அரிது என்று கண்டு, அன்பர்கள் பலர் பணம் சேர்த்து அவற்றைத் தருவித்துத் தபால் மூலம் ஒருவர்பின் ஒருவராகப் படிக்கும் ஏற்பாட்டை 1907-இல் தொடங்கி வைத்தவர் இவரே. அதுவே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. அதன் உறுப்பினருள் கல்லூரி ஆசிரியரேயன்றி அரசாங்க உத்தியோகஸ்தரும் இருந்தனர். பகலெல்லாம் கோப்புகளைப் பார்த்துவிட்டு இரவில் கணக்குப் போட்டவர்கள் அவர்கள்.

நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த இராமசுவாமி ஐயர் வேலை தரவில்லை. ரெவினியூ இலாகாவின் கடைப்படியில் உட்கார வைத்து இந்த அறிவை அவித்துவிட அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். அக்கடிதங்கள் கைமாறிச் சென்ற வழியை நோக்குங்கால் நமக்கு வியப்புண்டாகிறது. முன்னர்க் கும்பகோணத்தில் ஆசிரியராயிருந்த பி. வி. சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டரும் கழகத்தின் செயலாளருமாகிய இராமச்சந்திர ராவுக்கு எழுதினார். ராவ் முதலில் ஐயுற்றார்; பலமுறை பேசிப் பார்த்த பின்னரே தெளிந்தார். தெளிந்ததும் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து வந்தார்.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். கணிதக் கழகத்தின் இதழுக்கு அப்போது ஆசிரியராக இருந்தவர் செண்ட்ரல் கல்லூரி நாராயண ஐயங்கார். 1911-ஆம் ஆண்டில் இராமானுஜன் அவ்விதழுக்குச் சில வினாக்களை அனுப்பினார். அவற்றுள் ஒன்று, வர்க்க மூலத்திற்குள் வர்க்க மூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பது. மூன்று இதழ்கள் வெளிவந்தும் விடை எழுதுவார் ஒருவருமிலர். விடை வெறும் 3 என்று இராமானுஜனே பின்னர்த் தெரிவிக்க நேர்ந்தது.

அவ்வாண்டிலேயே பெர்னூலி எண்களின் இயல்புகளைப் பற்றி அவர் எழுதிய முதல் நீண்ட கட்டுரை ஆசிரியரின் மேசைக்கு வந்தது. அதைப் படிப்பது எளிதாயிருக்கவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே பல படிகள் விடுபட்டிருக்கும். தமக்கு வெளிச்சமாகத் தெரிந்தது பிறர்க்கும் தெரியும் என்று இராமானுஜன் எண்ணினார் போலும். வழிமுறைகள் புதியன, எழுத்தோ சுருக்கமும் தெளிவின்மையும் உடையது, அத்தகைய கணக்கு நடையிற் பழகாத சாதாரண வாசகர் பின்தொடர முடியாது என்று ஐயங்காரே பின்னாளிற் குறித்திருக்கின்றார். தெரியாதவன் எழுதியது என்று குப்பைக் கூடையிலிட்டிருந்தால் கேட்பார் எவருமில்லை. மேதையின் எழுத்து என்று அப்படியே அச்சிட்டிருந்தாலும் பயனில்லை, எவரும் படித்திரார். ஐயங்கார் இவ்விரண்டையும் செய்யவில்லை. திருத்தி எழுதுமாறு திருப்பியனுப்பினார். வந்ததைப் பார்த்து மீண்டும் அனுப்பினார். இவ்வாறு மூன்று முறை அக்கையெழுத்துப் பிரதி ஆசிரியருக்கும் இராமானுஜனுக்கும் இடையே போய் வந்த பின்னரே கட்டுரை இதழில் இடம்பெற்றது.

பணம் கொடுத்த ராவின் உதவியைவிட இவ்வுதவி கடினமானது என்பது எம் எண்ணம். பணத்தைக் கொடுப்பவர் கொடுத்துவிட்டு இருக்கலாம். பிறனொருவன் எழுதிய கடினமான பக்கங்களுடன் மன்றாடி, அவன் மனம் நோகாமல் அவனைத் தெளிவின்பால் அழைத்து வருவதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். கல்லூரிப் பாடம் நடத்திய பின் எஞ்சிய நேரத்தில் செய்த பணி அது.

இராமானுஜனோ பிறர் பணத்தில் வாழ விரும்பவில்லை. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி சென்னைப் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். ஆக, குமாஸ்தா வேலைதான் கடைசியிற் கிடைத்தது! ஆயினும் இடம் வேறு. அங்கே கணக்கு அதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். மாலை வேளைகளில் இருவரும் ஐயரின் வீட்டு மாடியில் ஆளுக்கொரு சிலேட்டுடன் இரவு நெடுநேரம் உட்கார்ந்திருப்பர். ஐயருக்கே விளங்காதபோது, ‘எமக்கு விளங்காதது வேறு யாருக்கு விளங்கும்? இடையிலுள்ள படிகளையும் எழுதும்’ என்னும் பொருள்பட அவர் வற்புறுத்துவாராம். பெங்களூர் ஆசிரியர் கேட்டதையே இவரும் கேட்டார்.

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். பொறியியற் கல்லூரியின் கிரிபித் 1912 நவம்பரில் இலண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு எழுதினார். ஹில், நிரூபணங்களிலுள்ள குறைகளைச் சுட்டிப் படிக்க வேண்டிய நூலையும் குறிப்பிட்டாரேயன்றி மாணவராக ஏற்கவில்லை. 1913 சனவரியில் இராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அடுத்த மாதம் சென்னை வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்து எழுதினார். பட்டமில்லாதவர்க்கு ஆராய்ச்சி உதவித் தொகை அளிப்பதற்கு விதிகளில் இடமில்லை என்று தடை எழுந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கமே என்று சட்டத்தையே எடுத்துக்காட்டி வாதாடியவர் நீதிபதி சுந்தரம் ஐயர். மாதம் 75 ரூபாய் இரண்டாண்டுகளுக்குக் கிடைத்தது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. 1918-இல் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இளைஞர்க்குத் தொழில் வழிகாட்டுவதையே தனிப் பணியாக அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் ஒரு நிலையம் வைத்துத் தொடங்கினார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், நிலையமோ பெயர்ப் பலகையோ இன்றி நம் நாட்டில் ஒரு டிப்டி கலெக்டரும், ஒரு கணக்கு அதிகாரியும், ஓர் இதழாசிரியரும் செய்ததும் அப்பணியேயன்றோ? இன்று நம் பெங்களூரில் பொறியாளரும் கணக்காயரும் மருத்துவரும் ஓய்வு நாளில் கல்லூரி மாணவரைச் சந்தித்து, அவர்தம் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்து, நேர்காணலுக்கு ஆயத்தம் செய்விக்கின்றனர். நம் குடியிருப்பிலேயே அத்தகையோர் உளர். பிள்ளை கொண்டுவரும் தாளைப் பார்த்து, ‘நன்று’ என்று முதுகில் தட்டிவிட்டு அனுப்புவது அவர்களுக்கு எளிது. ‘இவ்விடம் விளங்கவில்லை, மீண்டும் எழுதி வா’ என்று சொல்பவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

இராமானுஜன் 1920 ஏப்பிரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவருடைய கட்டுரைகளையெல்லாம் ஹார்டியும், சேஷு ஐயரும், வில்சனும் தொகுக்க, 1927-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. அத்தொகுப்பின் முதற் கட்டுரையாக இருப்பது பெர்னூலி எண்களைப் பற்றியது. நாராயண ஐயங்கார் மூன்று முறை திருப்பியனுப்பிய அதே கட்டுரை.