பதவி நாடாத பணி: ஹன்டி பேரின்பநாயகமும் இளைஞர் காங்கிரசும்

நம்நாட்டுக் கல்வி வரலாற்றைப் பேசுகிறவர்கள் இரு வகையினரை மறவாது நினைவுகூர்வர். பாடசாலைகளை நிறுவியவர்கள் ஒரு வகை. சட்டங்களை ஆக்கியவர்கள் மறு வகை. நாவலரும் மிஷனரிமாரும் முதல் வகையினர். இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இரண்டாம் வகையினர். இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. செல்வமும் அதிகாரமும் இன்றிச் சங்கம் அமைத்து, மகாநாடு கூட்டி, பிள்ளைகளின் கல்விக்காக ஊரோடு வாதாடியவர்கள் அவர்கள். அக்கூட்டத்துள் முதலில் வைத்து எண்ணத்தக்க ஒருவரைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஹன்டி பேரின்பநாயகம் 1899 இல் மானிப்பாயில், கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானவர். 1924 டிசம்பரில் அவரும் அவரையொத்த இளைஞர் சிலரும் கூடி மாணவர் காங்கிரஸ் என்ற அமைப்பைத் தொடங்கினர். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எனப் பின்னாளிற் பெயர்பெற்றது இதுவே. ‘ஒறேற்றர்’ சி. சுப்பிரமணியம், பிற்காலத்தில் செனற்றராக விளங்கிய எஸ். நடேசன் முதலியோர் அதிற் பங்கேற்றனர்.

அவர்கள் கொண்ட நோக்கங்களை இன்று எடுத்துப் பார்க்கும்போது வியப்பே மேலிடுகின்றது. தீண்டாமை ஒழிய வேண்டும். பிள்ளைகள் தாய்மொழியிற் கற்க வேண்டும். தேசிய இலக்கியமும் கலைகளும் மறுமலர்ச்சி பெற வேண்டும். மாணவர் தமிழ், சிங்களம் ஆகிய இரு மொழிகளையும் அறிய வேண்டும். ஆங்கிலம் அறிந்தவனே அறிஞன் என்று ஊர் நம்பிய காலத்தில், ஆங்கிலத்தை நன்கு கற்ற இளைஞர்களே இவ்வாறு பேசினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1927 நவம்பரில் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றவர்களும் இவர்களே.

எனினும் ஒரு சங்கத்தின் மனவுறுதி வரவேற்பு விழாவில் வெளிப்படுவதில்லை. அது வெளிப்பட்ட இடம் வகுப்பறை. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளுக்கு இடமே கிடைக்கவில்லை. இடம் கிடைத்தாலும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, அவர்கள் நிலத்தில் இருக்க வேண்டும். அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் அளிக்க வேண்டும் என்ற விதி 1930 ஆம் ஆண்டை அண்டி நடைமுறைக்கு வந்தபோது கொதித்தெழுந்தவர்கள் கல்வியறிவில்லாதவர்கள் அல்லர். கற்றவர்களும் பெரியவர்களுமே எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. காங்கிரஸ்காரர் சமாசனத்தின் பக்கமே நின்றனர். தம் சுற்றத்தாரையும் அயலவரையும் பகைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினமென்பது யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு நன்கு தெரியும்.

வரலாற்று நூல்கள் இவர்களைப் பெரிதும் நினைவுகூர்வது வேறொரு நிகழ்ச்சிக்காக. டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை எனக் கூறி, 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு காங்கிரஸ் கேட்டது. வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. தெற்கும் தொடர்ந்து வரும் என்று அவர்கள் நம்பினர், தெற்கு வரவில்லை. 1934 இல் அவ்விடங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் வடபகுதியின் பெரும்பாகத்துக்குச் சபையிற் குரலில்லாது போயிற்று. பகிஷ்காரம் இலட்சியத்தாற் சிறந்தது, பயனால் நட்டமானது என்பதே என் கருத்து. காங்கிரசின் செல்வாக்கும் அதன்பின் படிப்படியாகக் குறைந்தது.

ஆயின் பேரின்பநாயகத்தின் பணி அத்துடன் முடியவில்லை. அரசியல் மேடையில் ஒலித்த குரல் ஆசிரியர் சங்க மேடைக்கு வந்து சேர்ந்தது. அன்று தாய்மொழிப் பாடசாலையிற் கட்டணமில்லை. உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலையிலோ மாதந்தோறும் கட்டணம். ஏழைப்பிள்ளையின் படிப்பு எங்கே நிற்கும் என்பதைத் தகப்பனின் மடியே தீர்மானித்தது. 1943 இல் கன்னங்கரா தலைமையிலான விசேட குழு கல்வியை இலவசமாக்கும்படி விதந்துரைத்தபோது கட்டணம் பெற்ற பாடசாலைகளின் முகாமையாளர் பலர் அதனை எதிர்த்தனர். முகாமையாளரின் தயவில் உத்தியோகம் பார்த்த ஆசிரியர்களுக்கு வாய் திறப்பதே துணிவான காரியம். அந்நிலையிலும் இலவசக் கல்விக்காகவும் தாய்மொழிக் கல்விக்காகவும் வாதாடிய ஆசிரியர்களுள் இவரும் ஒருவர். 1945 அக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனைக் கொணர்ந்த கன்னங்கரா 1947 தேர்தலில் தோற்றுப்போனார் என்பது நன்றி பற்றிய ஒரு பாடம்.

1949 இல் பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1960 வரை அப்பொறுப்பில் இருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஒருவரிடம் சைவப் பெருமக்கள் தம் கல்லூரியை நம்பிக்கையோடு ஒப்படைத்தார்கள். இது அவருக்கும் பெருமை, அவர்களுக்கும் பெருமை. கொக்குவில் தோட்டஞ் செய்வோரும் சுருட்டுத் தொழிலாளரும் நிறைந்த ஊர். கட்டணம் ஒழிந்ததன் பயன் யாரைச் சேர வேண்டுமென்று முன்னர் வாதாடினாரோ, அத்தகையோரின் பிள்ளைகளையே அங்கே அவர் நாள்தோறும் எதிரே கண்டார். 1977 இல் அவர் காலமானார்.

இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் நான், காங்கிரசின் தீர்மானங்களை ஒரு கணக்கேடு போல வாசிப்பதுண்டு. சமாசனம் வரவு வைக்கப்பட்டுவிட்டது. இன்று எந்தப் பிள்ளையையும் நிலத்தில் இருத்த எவரும் துணியார். தாய்மொழிக் கல்வியும் இலவசக் கல்வியும் வரவிலே சேர்ந்தன. ஒரு வரி மட்டும் இன்னும் நிலுவையில் நிற்கின்றது. தமிழ்ப்பிள்ளை சிங்களமும் சிங்களப்பிள்ளை தமிழும் கற்க வேண்டும் என்ற வரி அது. 1956 இல் சிங்களம் மாத்திரம் ஆட்சிமொழியானபோது அந்த வரியின்மேற் கோடு கிழிக்கப்பட்டது. அதன்பின் நாடு கொடுத்த விலையை நாமெல்லோரும் அறிவோம். காங்கிரஸ் தோன்றி 2024 டிசம்பருடன் நூறாண்டு நிறைந்துவிட்டது. அந்த நிலுவையைத் தீர்க்கும் வேலை சட்டம் ஆக்குவோரை மட்டும் சார்ந்ததன்று. அன்று போல் இன்றும் அது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரையும் சார்ந்தது.