கலிபோர்னியாவின் காலநிலை நிதியும் சட்டமன்ற மேற்பார்வையும்

சுற்றுச்சூழலுக்கும் காலநிலைக்கும் கலிபோர்னியா மாநிலம் செலவிடும் பணத்தை ஒதுக்குவதும், அது போன வழியை விசாரிப்பதும் அம்மாநிலச் சட்டமன்றத்தின் பொறுப்பு. 40 உறுப்பினர் கொண்ட செனட், 80 உறுப்பினர் கொண்ட அசெம்பிளி என அதற்கு இரண்டு அவைகள். அங்குள்ள ஆளுநர், இந்திய மாநிலங்களில் உள்ளதுபோல் நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். பணம் கேட்பவர் அவர், கொடுப்பது சட்டமன்றம். மேற்பார்வை என்பதன் பெரும்பகுதி இவ்விருவருக்கும் இடையிலான இழுபறிதான்.

ஜனவரி 10-க்குள் ஆளுநர் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்க வேண்டும். வசந்த காலம் முழுவதும் இரு அவைகளின் துணைக்குழுக்கள் துறை அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்கும். மே நடுவில் திருத்திய திட்டம் வரும்; ஜூன் 15-க்குள் அது நிறைவேற வேண்டும். தவறினால், 2010-இல் வாக்காளர்கள் ஏற்ற ஒரு விதிப்படி, தாமதமாகும் நாட்களுக்கு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதன் பிறகும் ஆளுநர் எந்த ஒதுக்கீட்டையும் குறைக்கலாம், நீக்கலாம். கூட்ட மட்டும் முடியாது.

துணைக்குழு உறுப்பினர்களின் கையில் இருக்கும் கூர்மையான கருவி, சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம். 1941-இல் தொடங்கப்பட்ட இது கட்சி சாராதது. ஆளுநரின் ஒவ்வொரு பெரிய கோரிக்கையையும் பிரித்துப் பார்த்து, ஏற்கலாம், குறைக்கலாம், நிராகரிக்கலாம் என்று வெளிப்படையாக எழுதிவிடும். அதன் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதிகாரிகள் விசாரணைக்கு வரும்போது முதலில் பதில் தயாரிப்பது அந்த அறிக்கைக்குத்தான்.

காலநிலைச் செலவின் மூல ஊற்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-க்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வை 1990-ஆம் ஆண்டு அளவுக்குக் கொண்டுவர அது உத்தரவிட்டது. அதை நிறைவேற்றும் பொறுப்பு மாநிலக் காற்று வள வாரியத்துக்குப் போனது. வாரியம் உமிழ்வுக்கு வரம்பு கட்டி, உமிழும் உரிமங்களை 2012 நவம்பரில் ஏலம் விடத் தொடங்கியது. மாநிலத்துக்குச் சேரும் ஏலப் பணம் பசுமைக்குடில் வாயுக் குறைப்பு நிதியில் விழுகிறது. பணம் வந்தவுடன் அதன்மேல் கண்களும் விழுந்தன: 2013-14 வரவுசெலவுத் திட்டத்திலேயே 50 கோடி டாலர் பொது நிதிக்குக் கடனாக எடுக்கப்பட்டது.

மேற்பார்வையை உண்மையில் பலவீனப்படுத்தியது சட்டமன்றமே 2014-இல் எடுத்த ஒரு முடிவு. ஏல வருவாயில் 60 விழுக்காட்டை ஆண்டுதோறும் வாக்கெடுப்பு இல்லாமலே தானாகச் செல்லும் தொடர் ஒதுக்கீடாக அது மாற்றிவிட்டது. அதிவேக ரயிலுக்கு 25, மலிவு வீட்டு வசதிக்கும் அதைச் சார்ந்த நகர வளர்ச்சிக்கும் 20, மற்றப் பொதுப் போக்குவரத்துத் திட்டங்களுக்கு 15 என்பது அப்போதைய பங்கீடு. மீதி 40 விழுக்காட்டுக்குத்தான் ஒவ்வோர் ஆண்டும் விவாதம் நடந்தது. அதிலிருந்தும் காட்டுத்தீத் தடுப்புக்கும் பாதுகாப்பான குடிநீருக்கும் பின்னாளில் நிலையான பங்கு பிரிக்கப்பட்டது.

இதில் அதிவேக ரயிலின் கதை தனி. 2020 இலக்குக்கு அந்த ரயில் குறிப்பிடத்தக்க உதவி எதையும் செய்யாது என்று ஆய்வாளர் அலுவலகம் 2012-லேயே எச்சரித்திருந்தது. ஓடாத ரயில் யாரையும் காரிலிருந்து இறக்காது என்பதை அறிய நிபுணர் தேவையில்லை. என்றாலும் கால்பங்கு அதற்கே எழுதி வைக்கப்பட்டது. ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டியிருந்தால் வந்திருக்கக்கூடிய கேள்விகள் இதனால் வலுவிழந்தன.

ஏல வருவாயும் நிலையானதல்ல. 2016 மே ஏலத்தில் விற்பனைக்கு வைத்த உரிமங்களில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் விலைபோனது. மாநிலத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1 கோடி டாலர்.

அதே ஆண்டில் சட்டமன்றம் வாரியத்தின்மீது பிடியை இறுக்கியது. 2030-க்குள் உமிழ்வை 1990 அளவுக்கு 40 விழுக்காடு கீழே கொண்டுவரும் சட்டமும், மேற்பார்வையைக் கூட்டும் சட்டமும் ஒன்றில்லாமல் மற்றொன்று செல்லாது என்று பிணைக்கப்பட்டன. இரண்டாவது சட்டம் வாரிய உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு வைத்தது, வாக்குரிமை இல்லாத இரு சட்டமன்ற உறுப்பினர்களை வாரியத்தில் அமர்த்தியது, காலநிலைக்கென இரு அவைகளின் கூட்டுக்குழு ஒன்றையும் அமைத்தது. 2017-இல் ஏல முறை 2030 வரை நீட்டிக்கப்பட்டபோது நடந்த பேரத்தில் இன்னொரு நிபந்தனையும் பிறந்தது: 2024-இல் ஒருமுறை, மூன்றில் இரு பங்கு வாக்கு கிடைத்த பிறகே இந்த நிதியைச் செலவிட வேண்டும். அரசியலமைப்புத் திருத்தமான அதை 2018 ஜூனில் வாக்காளர்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள்.

செலவு சரியாக நடந்ததா என்பது ஒரு கேள்வி. பலன் வந்ததா என்பது வேறு. 2021 பிப்ரவரியில் மாநிலத் தணிக்கையாளர் வாரியத்தின் ஊக்கத்தொகைத் திட்டங்களை ஆராய்ந்து கடுமையான அறிக்கை தந்தார். மின்வாகனம் வாங்குவோருக்குத் தரும் மானியம் அவர்களின் முடிவை மாற்றியதா, மானியம் இல்லாமலும் அவர்கள் வாங்கியிருப்பார்களா என்பதைக் கண்டறியப் போதிய தரவை வாரியம் திரட்டவில்லை. திட்டங்களின் பலன்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் உமிழ்வுக் குறைப்பு மிகையாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை. சட்டமன்றக் குழுக்கள் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க இதைவிடச் சிறந்த ஆவணம் இருக்க முடியாது.

வருவாய் பெருகிய 2021, 2022-இல் ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 5,400 கோடி டாலர் காலநிலைத் திட்டங்களுக்கு உறுதியளிக்கப்பட்டது. அடுத்த இரண்டாண்டுகளில் பற்றாக்குறை வந்தது. சில திட்டங்கள் வெட்டப்பட்டன, சில தள்ளிப்போயின, சிலவற்றின் செலவு பொது நிதியிலிருந்து ஏல நிதியின் தலையில் ஏற்றப்பட்டது. பிறகு 2024 நவம்பரில் வாக்காளர்கள் 1,000 கோடி டாலர் காலநிலைக் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அதைத் திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 40 கோடி டாலர் ஆகும் என்பது ஆய்வாளர் அலுவலகத்தின் கணக்கு. அடுத்த ஜனவரியிலேயே, முன்பு பொது நிதி ஏற்ற செலவுகள் சிலவற்றை இந்தப் பத்திரப் பணத்துக்கு மாற்ற ஆளுநர் கேட்டார். புதிய பணம் புதிய வேலைக்கா, பழைய வாக்குறுதிக்கா என்ற வாதம் அத்துடன் துணைக்குழுக்களுக்கு வந்தது.

2025 செப்டம்பரில் ஏல முறை 2045 வரை நீட்டிக்கப்பட்டது. விழுக்காட்டுப் பங்கீட்டுக்குப் பதிலாக, 2026-27 முதல் ஆண்டுதோறும் 100 கோடி டாலர் அதிவேக ரயிலுக்கு என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. சட்டமன்றம் அந்தந்த ஆண்டு தன் விருப்பப்படி முடிவு செய்ய ஒதுக்கி வைத்துக்கொண்டதும் அதே அளவு, இன்னொரு 100 கோடிதான்.