பங்குறுதலும் ஒன்றாதலும்

நம் வேடசந்தூர் வழியே செல்லும் குடகனாறு வடக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூரை அடுத்துக் காவிரியில் கலக்கிறது. அக்காவிரியின் தென்கரையில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், சாந்திவனம் என்னும் கிறிஸ்தவ ஆசிரமம் அமைந்துள்ளது. நம்மூர் ஆற்றின் வழியே சென்றால் எட்டும் அவ்விடத்தில், சென்ற நூற்றாண்டின் நடுவே ஒரு பழங்கேள்வி புதிதாக எழுந்தது. மனிதன் இறைவனை எவ்வளவு நெருங்கலாம் என்பதே அது.

மனித இயல்பு அருளால் மாற்றமுற்று இறைத்தன்மையில் பங்குபெறும் என்பது கிறிஸ்தவரின் தொன்மையான நம்பிக்கை. பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபத்தில் இதற்கு வித்து உண்டு. கி.பி. 328 முதல் 373 வரை அலெக்சாந்திரியாவின் ஆயராக விளங்கிய அத்தனாசியுஸ் இதனை வலியுறுத்தினார். செவிக்கு இது மனிதனைத் தெய்வமாக்கும் பேச்சாகவே தோன்றும். ஆயின், கீழைத் திருச்சபை இதற்கு எல்லை வகுத்தது. இறைவனின் உள்ளமை எவர்க்கும் எட்டாதது. அவனுடைய செயலாற்றல்களிலேயே மனிதன் பங்குபெறுகிறான் என்று கிரெகரி பாலமாஸ் விளக்கினார். 1341, 1351ஆம் ஆண்டுகளில் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சபைகள் அவ்விளக்கத்தை ஏற்றன. நெருப்பிலிட்ட இரும்பு தழலாய் ஒளிர்ந்தாலும் இரும்பே என்பது அச்சமயத்தாரின் பழைய உவமை.

சாந்திவனத்தை 1950இல் நிறுவியவர்கள் இரு பிரெஞ்சுத் துறவிகள். ஜூல்ஸ் மோன்ஷனான், பரம அருபி ஆனந்தம் எனவும், ஆன்றி லெ சோ, அபிஷிக்தானந்தர் எனவும் பெயர் பூண்டனர். 1949இல் இருவரும் திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைக் கண்டனர். அபிஷிக்தானந்தரின் உள்ளம் அத்துவைதத்தின்பால் ஈர்க்கப்பட்டது. 1952 முதல் அருணாசல மலைக் குகைகளில் அவர் பலமுறை தங்கினார். மோன்ஷனானோ, முழு ஒருமை என்னும் கொள்கை தம் சமயத்தின் திரித்துவ நம்பிக்கையோடு இணங்குமா என ஐயுற்றார். ஒரே வனத்தில் வாழ்ந்தும் இக்கேள்வியில் இருவரும் இருவழி நின்றனர். ஆயினும் தம் துறவு வாழ்வைப் பற்றிய நூலொன்றை 1956இல் சேர்ந்தே வெளியிட்டனர். மோன்ஷனான் 1957இல் பாரிசிலும், அபிஷிக்தானந்தர் 1973இல் இந்தூரிலும் மறைந்தனர்.

இக்கேள்வி நமக்கும் புதிதன்று. மன்சூர் ஹல்லாஜ் 922இல் பக்தாதில் கொலைத்தண்டனை பெற்ற வரலாற்றை நாம் அறிவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இறைவனின் திருநாமங்களை விளக்கிய தம் நூலில், அடியான் அவனுடைய குணங்களைத் தன்னால் இயன்றவரை மேற்கொள்ள வேண்டும் என்றார்கள். ஆனால் அடியான் இறைவனோடு ஒன்றாகிவிடுவதையும், இறைவன் அடியானுக்குள் இறங்குவதையும் திட்டவட்டமாக மறுத்தார்கள். மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் மஸ்னவியிலும் அதே நெருப்பும் இரும்பும் வருகின்றன!

ஈஸா (அலை) அவர்களைப் பற்றி நமக்கும் கிறிஸ்தவர்க்கும் உள்ள வேற்றுமை அடிப்படையானது. அதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அண்டை வீட்டார் 'இறைத்தன்மையில் பங்கு' என்று கூறுங்கால், சொல்லின் ஓசையைக் கொண்டே தீர்ப்புக் கூறிவிடலாகாது. படைத்தவன் வேறு, படைப்பு வேறு என்னும் எல்லையைக் காக்க அவர்களுள்ளும் அறிஞர் பலர் உழைத்துள்ளனர். அதனை அறிந்த பின் உரையாடுவதே நீதி.