காற்றாலைகள்: தமிழ்நாட்டு மின்தொகுப்பில்

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மே முதல் செப்டம்பர் வரையான இக்காலத்தைக் காற்றாலைக்காரர்கள் 'சீசன்' என்பர். ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி இந்த மாதங்களிலேயே கிடைத்துவிடும்.

1986-இல் தூத்துக்குடி அருகே முன்மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் இத்தொழில் பரவியது.

1990-களில் காற்றாலைக்கு முதலாண்டிலேயே முழுத் தேய்மானம் கழிக்க வருமான வரிச் சட்டம் இடமளித்தது. கோவை நூற்பாலை முதலாளிகள் முப்பந்தலுக்கு வந்தது இதனால்தான். அங்கே உற்பத்தியான யூனிட்டுகளை மின்வாரியக் கம்பி வழியே தங்கள் மில்லில் எடுத்துக்கொண்டனர். மிஞ்சியவை வாரியத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. 'பேங்கிங்' எனப்படும் இம்முறையில் ஆடியில் ஈட்டிய யூனிட்டை மாசியில் செலவழிக்கலாம். மார்ச் 31-இல் கணக்கு முடியும். களத்துமேட்டில் அளந்து குதிரில் கொட்டும் நெல்லைப் போலக் காற்றுக்கும் ஒரு வரவுசெலவு ஏற்பட்டது; இது மின்தொகுப்பு வரலாற்றில் அழகான ஏற்பாடுகளுள் ஒன்று. மலிவான நேரத்தில் வாங்கித் தட்டுப்பாட்டு நேரத்தில் திருப்பித் தர வேண்டியிருப்பதால் நட்டம் என்பது வாரியத்தரப்பு வாதம். உரிமையாளர்கள் இதை ஏற்பதில்லை. 2018 ஏப்ரல் முதல் நிறுவப்பட்ட காற்றாலைகளுக்கு ஓராண்டு பேங்கிங்கை மின் ஒழுங்குமுறை ஆணையம் நீக்கியது.

1990-களின் காற்றாலைச் சுழலிகளில் பெரும்பாலானவை தூண்டல் மின்னாக்கி வகை. காந்தப்புலம் உண்டாக்க அவற்றுக்குக் கம்பியிலிருந்தே மின்சாரம் வர வேண்டும். ஆகவே கம்பி செத்துப்போனால், ஆடிக்காற்று அடித்து வீசும்போதும் இறக்கைகளை நிறுத்திவைக்க வேண்டியதுதான். காந்தப்புலத்துக்கென அவை தொகுப்பிலிருந்து இழுக்கும் எதிர்வினைத் திறன் அவ்வட்டார மின்னழுத்தத்தைத் தாழ்த்தியது. வாரியம் அதற்கெனத் தனி மீட்டர் வைத்துக் கட்டணம் வசூலித்தது.

2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்திலும் சீசனில் காற்றாலைகள் நிறுத்தப்பட்டதாக உரிமையாளர்கள் முறையிட்டனர். தொகுப்பின் பாதுகாப்புக்காகவே நிறுத்தியதாக வாரியத்தரப்பு கூறியது. கம்பிகளின் கொள்ளளவு போதாமல் இருந்ததை இருதரப்பும் மறுக்கவில்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் தென்னகத் தொகுப்பை நாட்டின் ஏனைய தொகுப்புடன் நேரடியாக இணைத்தது. மாநிலத்துக்குள் மிகை மின்சாரத்தைத் தேக்கக்கூடிய இடமாக, ஆழியாற்று நீரை மேலேற்றும் 400 மெகாவாட் காடம்பாறை நிலையம் இருக்கிறது.

2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. நண்பகலில் மிகையும் அந்தியில் பற்றாக்குறையும் இதன்பின் கூடின.

இந்த ஏற்ற இறக்கத்தில் மின்வாகனங்களும் சேர்ந்தன: 2019-இல் மாநில அரசு மின்வாகனக் கொள்கை வெளியிட்டது. 2025-இல் சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. வேலை முடிந்து வந்ததும் வீட்டில் சார்ஜ் போடும் ஸ்கூட்டர் அந்திநேரத் தேவையைக் கூட்டும். பகலில் அலுவலக வாசலில் போட்டால் கமுதியின் வெயில் அதற்குப் பயன்படும்.