ஓவியங்கள் சாட்சி சொல்லும் உடை: ஸ்கொட்லாந்தின் கில்ட்

கட்டம் போட்ட துணி, முழங்காலளவில் நிற்கும் மடிப்புகள், இடுப்புக்கு முன்னே தொங்கும் தோல்பை. ஸ்கொட்லாந்துக்காரர் என்றதும் நம் மனதில் வருவது இந்தப் படம்தான். பிஸ்கட் டின்னில்கூடப் பார்த்திருக்கிறோம். "ஆம்பிளைகள் பாவாடை கட்டுறாங்களே" என்று நம் பிள்ளைகள் சிரிப்பதும் உண்டு. அந்திக்கு வீட்டுக்கு வந்ததும் சாரத்துக்கு மாறுகிற நாம் அதற்குச் சிரிக்க அவ்வளவு நியாயமில்லை.

இந்த உடை பற்றி இரண்டு கதைகள் உலாவுகின்றன. ஒன்று, இது ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமையானது, ஒவ்வொரு குலத்துக்கும் ஆதிமுதல் ஒரு நிறக்கட்டம் உண்டு என்பது. மற்றது, இதெல்லாம் பிற்காலத்தில் ஆங்கிலேயர் கட்டிவிட்ட கதை என்பது. தரம் 10 வரலாற்றில் நம் பிள்ளைகள் முதலில் படிப்பது மூலாதாரங்களைப் பற்றித்தான். அந்தப் பாடத்தை இங்கே பயன்படுத்துவோம். பழைய ஓவியங்களைச் சாட்சிக்கு அழைப்போம்.

முதல் சாட்சி, 1680களில் ஜோன் மைக்கல் ரைட் வரைந்த முங்கோ மரே பிரபுவின் ஓவியம். வேட்டைக்குப் புறப்பட்ட இளைஞர் கையில் நீண்ட துப்பாக்கியோடு நிற்கிறார். பின்னால் ஏவலாள் வில்லோடு நிற்கிறான். பிரபு உடுத்திருப்பது இன்றைய கில்ட் அல்ல. அது ஒரே நீளத் துணி. கேலிக் மொழியில் 'ஃபீலா மோர்', அதாவது பெரிய போர்வை. அக்காலத் தறிகள் அகலம் குறைந்தவை. அதனால் இரண்டு பட்டைகளை நீளவாக்கில் சேர்த்துத் தைப்பார்கள். அதைக் கையால் மடிப்பு மடிப்பாகச் சேர்த்து, இடுப்பில் வாரால் இறுக்குவார்கள். கீழ்ப்பகுதி முழங்கால்வரை தொங்கும். மேல்பகுதியைத் தோளில் போட்டு ஊசியால் குத்திக்கொள்ளலாம், மழை வந்தால் தலைக்கும் இழுத்துக்கொள்ளலாம். இரவில் வாரைக் கழற்றினால் அதுவே போர்வை. மலையிலும் சேற்றிலும் மாடு மேய்த்துத் திரிந்த மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான உடை எது?

இரண்டாவது சாட்சி, கிராண்ட் குலத் தலைவருக்காக ரிச்சர்ட் வெயிட் 1714 இல் வரைந்த ஓவியங்கள். தலைவரின் பேக்பைப் வாசிப்பவர், அவரது போர்வீரர் என்று ஊழியர்களையும் முழு உருவமாக வரைந்திருக்கிறார். இங்கே ஒரு விடயம் கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்காக வரைந்த ஓவியங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், துணிக் கட்டங்கள் ஒன்றுபோல் இல்லை. 'கிராண்ட் குலத்தின் கட்டம் இதுதான்' என்று இன்று கடையில் விற்பது அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. (இந்தக் குலத்தின் நிலம் இருந்த இடத்தின் பெயர் ஸ்ட்ராத்ஸ்பே. நம் மஸ்கெலியாப் பக்கம் அதே பெயரில் ஒரு தேயிலைத் தோட்டம் இருப்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள்.)

இடுப்புக்குக் கீழே மட்டும் உடுக்கும் சிறிய கில்ட் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. தோமஸ் ரோலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பு உலை முதலாளி தன் வேலையாட்களுக்காக அதை 1720களில் உருவாக்கினார் என்று 1768இல் எழுதப்பட்ட ஒரு கடிதம் சொல்கிறது. அதற்கு முன்பே இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. யார் முதலில் வெட்டினாலும், வெட்டப்பட்ட துணி அந்த மலைமக்களுடையதுதான்.

மூன்றாவது சாட்சி கனமானது. 1745இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்ள்ஸுக்காக ஹைலண்ட் மக்களில் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்தனர். 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் வெளியில் அவர்கள் நசுக்கப்பட்டார்கள். அந்தச் சண்டையை டேவிட் மோரியர் வரைந்தார். வென்ற தளபதி கம்பலண்ட் கோமகனின் ஆதரவில் வேலை செய்தவர் அவர். தோற்றவர்களைப் பெருமைப்படுத்த அவருக்குத் தேவை இருக்கவில்லை. அந்த ஒரே ஓவியத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கட்ட வகைகளை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஒரே ஆளின் மேற்சட்டையிலும் கில்டிலும்கூட வேறுவேறு கட்டங்கள். யார் எந்தப் பக்கம் என்பதைத் துணி காட்டவில்லை. தொப்பியில் குத்திய வெள்ளை நாடாதான் காட்டியது.

வென்ற அரசு உடையின்மீதும் கைவைத்தது. 1746இல் நிறைவேறிய சட்டப்படி, ஸ்கொட்லாந்தில் ஆண்களோ சிறுவர்களோ ஹைலண்ட் உடை உடுத்தினால் முதற்தடவை 6 மாதச் சிறை. மறுதடவை 7 ஆண்டுகள் கடல் கடந்த நாடுகடத்தல். கிளர்ச்சி செய்தவர், அரசுக்கு விசுவாசமாக இருந்தவர் என்ற பேதம் அதில் இல்லை. டங்கன் பான் மக்கின்டயர் என்ற கேலிக் கவிஞர் அரச படையில் நின்று போரிட்டவர். அவரும் இந்தத் தடையைக் கண்டித்துக் கவி பாடினார். சிலர் செய்ததற்காக ஒரு சமூகம் முழுவதையும் உடையில் அடையாளம் கண்டு தண்டித்தால், விசுவாசமாக நின்றவர் மனமும் கசந்துவிடும் என்பதற்கு இது சாட்சி.

தடை எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுந்ததா? 1749இல், தடை அமுலில் இருந்தபோதே, வில்லியம் மோஸ்மன் வரைந்த ஓவியத்தில் எடின்பரோவின் வங்கி அதிகாரி ஜோன் கேம்பல் முழு ஹைலண்ட் உடையில் நிற்கிறார். மேய்ப்பனுக்குச் சிறை, வங்கிக்காரருக்கு ஓவியம். அரசின் இராணுவத்தில் சேர்ந்த ஹைலண்ட் வீரர்களுக்கும் சட்டமே விலக்களித்தது. சொந்த மலையில் உடுக்கக்கூடாத உடையை, அரசருக்காகச் சாகப் போகும்போது உடுக்கலாம்.

1782இல் தடை நீங்கியது. அதற்குள் சாதாரண மக்களில் பலர் காற்சட்டைக்குப் பழகிவிட்டார்கள். உடை மேலே போனது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில் நகரமே கட்டத்துணியால் நிறைந்தது. மன்னரும் கில்ட் கட்டினார், உள்ளே தோல்நிறக் காலுறையோடு. பின்னர் டேவிட் வில்கி வரைந்த ஓவியத்தில் அந்தக் காலுறை இல்லை, மன்னரின் பருமனும் குறைந்திருக்கிறது. தடைசெய்த அரச வம்சமே அந்த உடையை அணிந்து நிற்கும் ஓவியம் அது. குலத்துக்கொரு கட்டம் என்ற ஒழுங்கும் இந்தக் காலத்தில்தான் நெசவாலைகளின் விற்பனையோடு சேர்ந்து உறுதிப்பட்டது.

கடைசி சாட்சி, 1812இல் ஹென்றி ரேபர்ன் வரைந்த கிளென்கரி தலைவர் மக்டொனல். கம்பீரமான ஹைலண்ட் உடை, சுவரில் ஆயுதங்கள். 'உண்மையான ஹைலண்டர்கள்' என்று சங்கமே அமைத்தவர். ஆனால் அவரது நிலத்திலிருந்துதான் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். அவ்விடத்தில் ஆடுகள் வந்தன. பலர் கப்பலேறிக் கனடா போனார்கள். உடை ஓவியத்தில் தங்கிவிட்டது. அதை நெய்து உடுத்து, மழையில் நனைந்து, அதற்குள்ளேயே உறங்கிய மக்கள் ஊரில் இல்லை.

ஆகவே 'ஆதியிலிருந்து மாறாதது' என்பதும் சரியில்லை, 'எல்லாம் கட்டுக்கதை' என்பதும் சரியில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் அன்றாட உடை, காலத்துக்குக் காலம் மாறி, தடுக்கப்பட்டு, பிறகு தடுத்தவர்களாலேயே அலங்காரமாக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பழைய ஓவியத்தைக் காட்டும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கப் பழக்குவோம். எந்த ஆண்டு வரைந்தது? யார் பணம் கொடுத்தது? இதில் வரையப்படாமல் விடப்பட்டவர் யார்?