உப்புக்காற்றும் பியானோ டீச்சரும்

அக்காட மகளுக்கு ஆறு வயசு. உடப்புல இருக்கிறா. போன வருசம் யாரோ போன்ல லிடியன் நாதஸ்வரத்தின் வீடியோ ஒண்டைக் காட்டிட்டாங்க. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற சென்னைப் பையன், தெரியும்தானே? அதுக்குப் பிறகு எங்கட வீட்டு மேசையெல்லாம் பியானோ. "மாமா, எனக்கு அது பழகோணும்" எண்டு பிடிச்ச பிடிய விடவே இல்ல. நான் கலைப்பீடத்தில வரலாறு படிக்கிறவன். வீட்டில 'படிச்சவன்' எண்டா எல்லாம் தெரிஞ்சவன் எண்டு அர்த்தம். டீச்சர் தேடுற வேலை என் தலையில விழுந்தது.

உடப்பு எங்க இருக்கு எண்டு தெரியாதவங்களுக்கு: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பும் டச்சுக்காரர் கால்வாயும். பத்துளுஓயாச் சந்திக்கு வந்து பஸ் மாறினாத்தான் சிலாபம். அம்பாப் பாட்டுக்குப் பேர்போன ஊர். பியானோவுக்கு இல்ல.

முதல் கிடைச்ச டீச்சர் (ஊரும் பேரும் வேண்டாம்) நல்லாப் படிப்பிப்பா எண்டு நாலு பேர் சொன்னாங்க. ஏன் எண்டு கேட்டா, "அவவிட பிள்ளைகள் ஒருத்தரும் பெயில் இல்ல." மூணு மாசம் போனோம். முதல் நாளே நொட்டேஷன். விரல் தட்டையா விழுந்தா அடிமட்டம். நாலாவது மாசம் சனிக்கிழமை விடிஞ்சா பிள்ளைக்கு வயித்துவலி. டொக்டரிட்ட காட்டினா வயித்தில ஒண்டும் இல்ல. அக்கா கிளாஸை நிப்பாட்டிட்டா.

அந்த டீச்சர்ல எனக்குக் கோவம் இருந்தது, இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா 'பெயில் இல்ல' எண்டதுதான் ஒரு இசை ஆசிரியருக்கு நாங்க குடுக்கிற ஒரே சான்றிதழா எப்ப மாறிச்சு? அந்தக் கேள்வி என்னைப் பழைய புத்தகங்களுக்குள்ள இழுத்திட்டுது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லண்டனில் இருந்த இசைக் கல்லூரிகள் தங்கள் சுவர்களுக்கு வெளியே உள்ள மாணவர்களுக்கும் பரீட்சை நடத்தத் தொடங்கின. டிரினிட்டி கல்லூரி 1870களிலேயே இதில் இறங்கியது. 1889இல் இரண்டு அரச இசைக் கல்லூரிகள் சேர்ந்து இன்னொரு பரீட்சைச் சபையை அமைத்தன. கப்பல் போன இடமெல்லாம் பரீட்சையும் போனது. லண்டனிலிருந்து பரீட்சகர் வருவார். பிள்ளை சில துண்டுகளை வாசிக்கும், ஸ்கேல் வாசிக்கும், பார்த்தறியாத தாளைப் பார்த்து வாசிக்கும். ஒண்டு தொடங்கி எட்டு வரை கிரேட். இதில் நல்லதும் உண்டு. காலியில் படித்த பிள்ளையும் கல்கத்தாவில் படித்த பிள்ளையும் ஒரே அளவுகோலில் நிற்கலாம். ஆனா அளவுகோல் வந்ததும், அதில் அளக்க முடியாதது வகுப்பறையிலிருந்து மெல்ல வெளியேறிவிட்டது. இது மேலைத்தேய இசைக்கு மட்டும் வந்த வியாதி எண்டு நினைக்காதீங்க. 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் எங்கட சங்கீதத்தை ஊர் ஊரா கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய காரியம். அதே நேரம் "எத்தனையாம் தரம்?" எண்ட கேள்வி "என்ன பாடுவாய்?" எண்ட கேள்வியை முந்தினதும் உண்மை.

இந்தக் கரையில் அதுக்கு முந்தி இசை எப்படிப் பழக்கப்பட்டது? இங்கதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1705இல், கோவாவிலிருந்து யாகோமே கொன்சால்வெஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தார். சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். தமிழில் அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ராகத்தோடு பாடப்படுவது. 1742இல் இறந்த அவர் அடக்கம் செய்யப்பட்டது எங்கட கரையிலேயே, போலவத்தையில். அவர் இலங்கைக்கு வருவதற்குச் சில வருசங்களுக்கு முன்னால்தான் இத்தாலியில் கிறிஸ்டோபோரி என்பவர் பியானோவையே செய்து பார்த்திருந்தார். ஆக, பியானோ இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முந்தியே இங்க பாட்டுப் பழக்க ஆள் இருந்தாங்க. அவங்களுக்குப் பேர் அண்ணாவி. சிங்களக் கத்தோலிக்கர் நடுவிலும் அதே சொல்தான். அண்ணாவி பாடுவார், பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாடுவாங்க. தாள் இல்ல. உடப்பில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா எடுக்க மற்றவங்க தொடர்வதும் இதே முறைதான். வலைக் கயிற்றைப் பிடிக்கிற வயசுக்கு முன்னமே பிள்ளைக்குத் தாளம் வந்துவிடும்.

இதைக் 'கேள்வி ஞானம்' எண்டு சொல்லிக் கொஞ்சம் குறைவாப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கு. சரி, ஐரோப்பாவுக்கே போவோம். பிரடெரிக் வீக் எண்டு ஜெர்மனியில் ஒரு பியானோ ஆசிரியர். 1819இல் பிறந்த தன் மகள் கிளாராவுக்கு ஐந்து வயசில் பாடம் தொடங்கினார். தொடக்கத்தில் நொட்டேஷனே இல்ல! காதால கேட்டு, கையால தேடி, சின்னச் சின்ன மெட்டு. எழுத்து பிறகுதான் வந்தது. ஒன்பது வயசில் அந்தப் பிள்ளை லைப்சிக்கின் பெரிய மண்டபத்தில் மேடையேறிச்சு. வீக் நல்ல தகப்பனா எண்டு கேட்டா நான் இல்லையெண்டுதான் சொல்வேன். மகளின் காதலுக்கு எதிரா நீதிமன்றம் வரை போன மனிசன். ஆனா சின்னப் பிள்ளையின் காதுக்கு எது முதல் வேணும் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. நூறு வருசத்துக்கும் மேல கழிச்சு ஜப்பானில் ஷினிச்சி சுசுகி இதையே ஒரு முறையா வளர்த்தார். பிள்ளை தாய்மொழியை எழுத்துப் படிச்சா பேசுது? கேட்டுத்தானே பேசுது, இசையும் அப்படித்தான் எண்டார். வகுப்பில் தாயோ தகப்பனோ கூட இருக்க வேணும் எண்டதும் அவர் முறையில் முக்கியமான பகுதி. எங்கட முதல் கிளாஸில் அக்கா கேற்றுக்கு வெளிய நிண்டவ.

இலங்கையிலேயே ஒரு கதை இருக்கு. உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் இட்சாக் பேர்ள்மனுக்குப் பல வருசமாப் பியானோ வாசிக்கிற ரொஹான் டி சில்வா நம்ம நாட்டவர். லண்டன் ரோயல் அக்கடமி, நியூயோர்க் ஜூலியார்ட் எல்லாம் பிறகு. முதல் ஆசிரியர் அவருடைய அம்மா பிரிம்ரோஸ். அடுத்து மேரி பிலிமோரியா. தமிழ்நாட்டில் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு இளையராஜாவுக்கும் சொல்லிக்கொடுத்தார், சின்ன வயசு ஏ. ஆர். ரகுமானுக்கும் சொல்லிக்கொடுத்தார். பேர்பெற்ற மாணவர்களை எல்லாருக்கும் தெரியுது. அவங்க விரலை முதன்முதல் கட்டையில வைச்சவரைத் தேடித்தான் அறியவேண்டியிருக்கு.

அப்ப எங்கட பக்கம் ஏன் ஆள் இல்ல? பியானோ நகரத்துப் பொருள். பறங்கியர் வீடுகளிலும் கன்னியர் மடப் பாடசாலைகளிலும் இருந்தது. புத்தளத்துக்கு ரயில் வந்ததே 1926இல். 1956 மொழிச் சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் பெரும் எண்ணிக்கையில் அவுஸ்திரேலியாவுக்குப் போனாங்க; வீட்டில் வைத்துப் பியானோ சொல்லிக்கொடுத்த பல பெண்களும் அவங்களோட போனாங்க. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு. இருந்த பியானோக்களும் கிழடு தட்டிப் போச்சு. கடற்கரையில் அது இன்னும் வேகம். ஒரு பியானோவுக்குள் இருநூறுக்கும் மேல் உருக்குக் கம்பிகள். எல்லாம் சேர்ந்து பல தொன் இழுவையில் நிற்கும். உப்புக்காற்றுப் பட்டா துருப் பிடிக்கும், ஈரத்தில் மரம் ஊதும், சுத்தியல் ஒட்டிக்கொள்ளும்.

ரெண்டாவது டீச்சர் எங்களுக்குத் தற்செயலாத்தான் கிடைச்சா. சிலாபம் பக்கம், கோயில்ல ஓகன் வாசிக்கிற வயசான அம்மா. தமிழும் சிங்களமும் கலந்து பேசுவா. இந்த முறை நான் பாஸ் வீதம் கேக்கல்ல. "பிள்ளைக்கு நீங்க வாசிச்சுக் காட்டுவீங்களா?" எண்டு மட்டும் கேட்டேன். சிரிச்சா. "வாசிக்காம என்னத்தப் படிப்பிக்கிற?" எண்டா.

மகளை ஸ்டூலில் இருத்தி, கால் தொங்கினதைப் பார்த்து அடியில் ஒரு பலகைப் பெட்டியை வைச்சா. பிறகு, "உனக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்டு பாடு." பிள்ளை என்னைப் பார்த்துது. நான் அக்காவைப் பார்த்தேன். வெக்கப்பட்டு வெக்கப்பட்டு அப்பப்பாட்ட கேட்ட அம்பாவில ரெண்டு வரி பாடிச்சு. டீச்சர் அதைக் கறுப்புக் கட்டையில் தேடினா. ஒரு இடத்தில பிழைச்சுது. பிள்ளை "இல்ல, அப்படி இல்ல" எண்டு திருத்திச்சு. டீச்சர் திரும்ப வாசிச்சா. இருபது நிமிசம் இப்படியே. நொட்டேஷன் புத்தகம் திறக்கவே இல்ல. வயித்துவலி வந்தாச் சொல்லு எண்டு அக்கா பஸ்ஸில வைச்சே சொல்லியிருந்தா. பிள்ளை திரும்பி வரும்போது நித்திரை.

இப்ப எங்களுக்கு வேற பிரச்சினை. அந்த அம்மாவிட பியானோவில் நடுப்பக்கத்து மூணு கட்டை சத்தம் வராது. சுருதி சேர்க்கிறவர் கொழும்பிலிருந்து வரவேணும், அவர் வாற திகதி தெரியாது. அம்பாவில அந்த மூணில ஒண்டு அடிக்கடி வருது. அந்த இடம் வரும்போது மட்டும் மகள் வாயால பாடிட்டுப் போறா.